பிள்ளை பிடிக்கிற கும்பல் ஆடியோவும் நம்ம பக்கத்து நிஜமும்

நொய்யல்கரை (திருப்பூர்)
ஞாயிறு, காலை 9.10

எங்கள் காம்பவுண்டு வாட்ஸ்அப் குழுவில் நேற்றிலிருந்து ஒரே ஆடியோதான் ஓடுகிறது. வெள்ளை வேனில் வருவார்களாம், போர்வை விற்கிற மாதிரி நடிப்பார்களாம், பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ஸ்டேஷனில் புகார் என்று ஒரு விவரமும் கிடையாது. மாலையில் நிஜமாகவே போர்வை விற்க வந்த ஒருவரை நாலைந்து பேர் மறித்து ஆதார் கார்டு கேட்டார்கள். அவருக்குத் தமிழ் வரவில்லை. பக்கத்து மளிகைக் கடைக்காரர் வந்து சமாதானம் சொல்லியிருக்காவிட்டால் அடி விழுந்திருக்கும்.

2018 மே மாதம் போளூர் பக்கத்தில் நடந்தது பலருக்கு மறந்துபோயிருக்கும். குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

நான் கேட்க வந்தது இதுதான். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் வேனில் தூக்கிப்போன பிள்ளையை நேரில் அறிந்தவர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து வேலைக்கு என்று போய் மாட்டிய பிள்ளைகள்தான் அதிகம். அதைப் பற்றி ஏன் ஒரு ஆடியோகூட வருவதில்லை?

———

காங்கேயம்காளை
ஞாயிறு, காலை 10.02

ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன தப்புங்க? ஆயிரத்தில் ஒன்று நிஜமாக இருந்தாலும் போவது நம்ம பிள்ளைதானே. ஊருக்குள் முன்பின் தெரியாதவர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கே இல்லை. வதந்தி, வதந்தி என்று சொல்லி ஜனங்களை அசட்டையாக ஆக்கிவிடாதீர்கள்.

———

கோபி வக்கீல்
ஞாயிறு, காலை 11.35

காளை அண்ணா, ஜாக்கிரதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காவல் காக்கிற வாசல் சரியா என்பதுதான் கேள்வி.

சட்டம் ஆள்கடத்தலை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 370ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு. சுரண்டுவதற்காக ஒருவரை வேலைக்குச் சேர்ப்பது, கூட்டிப்போவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, வாங்கிக்கொள்வது எல்லாம் அதில் வரும். கையைக் காலைக் கட்டித் தூக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. பொய் சொல்லியோ ஆசை காட்டியோ கூட்டிப்போனாலும் குற்றம்தான். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருடைய சம்மதத்தை வாங்கப் பணம் கொடுப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அப்பன் கையில் முன்பணத்தைத் திணித்துவிட்டு 'அவர் சம்மதித்துத்தான் அனுப்பினார்' என்று புரோக்கர் தப்பிக்க முடியாது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கிலேயே வராது. 18 வயதுக்குக் கீழ் என்றால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம்.

இன்னொன்று. பிள்ளை காணவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போனால் 'ரெண்டு நாள் பாருங்கள், யாரோடாவது போயிருக்கும்' என்று திருப்பி அனுப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், கடத்தப்பட்டதாகவே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

———

நூல்கண்டு
ஞாயிறு, மாலை 4.48

பழைய உறுப்பினர்தான். ஆனால் இதை இங்கே எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஊர் பெயர், மில் பெயர் கேட்காதீர்கள்.

எனக்குப் பூர்வீகம் தெற்குப் பக்கம். பத்தாவது முடித்த கோடையில் மில்லுக்கு வந்தேன். கூட்டிவந்தது வேன் கும்பல் இல்லை, எங்கள் தெருவில் இருந்த ஒரு சித்தி. முறைக்குச் சித்தி. தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு மில்லில் கமிஷன் இருந்தது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பேப்பரில் எல்லாம் வந்ததே, அதுதான். கொங்கு மில்களுக்குத் தேனி, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல மாவட்டத்துப் பெண்கள் அப்படித்தான் வந்தார்கள். எனக்கு அப்போது 15 வயது. வயதுச் சான்று ஒன்று தயாராக இருந்தது, அதில் எனக்கு 18 முடிந்திருந்தது.

இங்கே பலரும் வறுமையால் அனுப்புகிறார்கள் என்று மட்டும் நினைக்கிறீர்கள். வறுமை இருந்தது. ஆனால் நான் கிளம்பச் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிற ஒரு பெரிய மனுஷர். அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். 'வாயை மூடு, வெளியே தெரிந்தால் உன்னை யார் கட்டுவார்கள்' என்றார். அதற்கப்புறம் சித்தி வந்து மில் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வீட்டை விட்டு எங்கே போனாலும் சரி என்று இருந்தது. சித்திக்கு என் வீட்டு விஷயம் அரசல்புரசலாகத் தெரியும் என்றுதான் இன்று நினைக்கிறேன். எந்த வீட்டுப் பெண் மறுபேச்சுப் பேசாமல் கிளம்புவாள் என்று இந்தப் புரோக்கர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஹாஸ்டலில் போன் கிடையாது. வாரம் ஒரு நாள் வார்டன் போனில் பேசலாம், பக்கத்திலேயே அவர் நிற்பார். கடைக்குப் போவதென்றால் மாசம் ஒரு தடவை, வண்டியில் கூட்டிப்போய் வண்டியிலேயே கொண்டுவந்து விடுவார்கள். ஆள் வரவில்லை என்றால் தூங்குகிறவளை எழுப்பி அடுத்த ஷிப்டுக்கும் அனுப்புவார்கள். சூப்பர்வைசர் ஒருவர் சைடு (நூற்பு இயந்திர வரிசை) பார்க்கிற பிள்ளைகளிடம் கை நீட்டுகிறவர். யாரும் வாய் திறக்க மாட்டோம். ஏன் என்றால் பாதியில் கிளம்பினால் அந்த மொத்தத் தொகை போச்சு. ரெண்டு வருஷம் உழைத்தவள் இன்னும் ஒரு வருஷம்தானே என்று பல்லைக் கடிப்பாள். அந்தப் பணம்தான் பூட்டு, கதவுக்குத் தனியாகப் பூட்டுத் தேவைப்படவில்லை.

என்னோடு இருந்த ஒருத்தி காய்ச்சலில் கிடந்து, மூன்று வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். தொகை தரவில்லை.

———

நொய்யல்கரை
ஞாயிறு, மாலை 5.20

அக்கா, எழுதியதற்கு நன்றி. மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன்.

———

மில்ரோடு
ஞாயிறு, இரவு 8.15

மில்லில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கிறேன். சகோதரிக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் எல்லா மில்லையும் ஒரே தராசில் போடாதீர்கள். சரக்கு வாங்குகிற பையர்கள் வருஷம் முழுவதும் ஆடிட் வைக்கிறார்கள். மொத்தத் தொகைத் திட்டமெல்லாம் பெரிய மில்களில் வெகுகாலம் முன்பே நிறுத்தியாகிவிட்டது. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஹாஸ்டலுக்கு 2014ஆம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்க வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்கிறது. தவிர, ஹாஸ்டலில் இருந்து பெண்களை இஷ்டத்துக்கு வெளியே விட்டு ஏதாவது ஆனால் பெற்றோர் எங்களைத்தான் கேட்பார்கள். அந்த நிலைமையையும் யோசியுங்கள்.

———

நூல்கண்டு
ஞாயிறு, இரவு 8.52

சார், ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று சின்னப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பிவைப்பார்கள். நானே ரெண்டு தடவை போயிருக்கிறேன். நல்ல தரிசனம்.

சம்பளம் கணக்கில் ஏறுகிறது, சரி. ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று உங்கள் ஹாஸ்டலில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

———

கோபி வக்கீல்
ஞாயிறு, இரவு 9.30

மில்ரோடு அவர்கள் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. சிறார் நீதிச் சட்டம் 2015இல் 79ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் கண்ணில் படுவதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைத்துக் கொத்தடிமையாக வைத்திருந்தாலோ, அவர் சம்பாத்தியத்தை நிறுத்திவைத்தாலோ 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மூன்று வருஷக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று பிள்ளையின் கூலியைப் பிடித்து வைப்பதே தப்பு என்று ஆகிறது.

முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதற்குக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 இருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக் குடோன்களில் குடும்பமே அட்வான்ஸுக்கு மாட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே பிள்ளையைத் தனியாக யாரும் வாங்குவதில்லை. அப்பா வாங்கிய கடனில் பிள்ளையும் சேர்ந்து போகிறது.

———

தாராபுரம் டீச்சர்
திங்கள், காலை 6.40

பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு எழுதியதில் முக்கால்வாசிப் பேர் மில் கதையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முதல் பாதிதான் உறுத்துகிறது. பிள்ளை வீட்டில் சொன்னபோது கேட்டிருந்தால் சித்திக்கு அங்கே வேலையே இல்லை. 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு விதமான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். வேன்காரன் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறான்?

வகுப்பில் நாங்கள் பார்ப்பது இது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சுணங்கும். மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் வராண்டாவிலேயே நிற்கும். ஒரு குறிப்பிட்ட மாமா பெயரை எடுத்தால் முகம் மாறும். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் லீவு, இரண்டு நாள் லீவு. பத்தாவது ரிசல்ட் வருகிற சமயத்தில் புரோக்கர்கள் கிராமத்துக்குள் வருவார்கள், நோம்பிக்கு (பண்டிகைக்கு) வருகிற சொந்தக்காரர் மாதிரி பலகாரத்தோடு. ஜூனில் வருகைப்பதிவேட்டில் சில பெயர்கள் இருக்காது. கேட்டால் 'அத்தை வீட்டில் இருக்கிறாள்' என்பார்கள். சில சமயம் அது கல்யாணம். அதுவும் 18க்குக் கீழ்தான்.

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' சொல்லிக்கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அது முழுப் பாரத்தையும் எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிறது. பிள்ளை வந்து சொன்ன பிறகு பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எந்த ஊரிலும் வகுப்பு நடப்பதில்லை.

சட்டம் எங்களுக்குத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, 19ஆவது பிரிவு. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், நடக்கப்போகிறது என்று அச்சம் இருந்தால்கூட, போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. இருந்தும் நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம்' என்றார்கள். பேசி முடித்தார்கள். அந்தப் பெண் அரையாண்டுக்குப் பிறகு வரவில்லை.

———

காங்கேயம்காளை
திங்கள், காலை 9.25

டீச்சரம்மா சொல்வது புரிகிறது. என் பேத்தியும் ஏழாவது படிக்கிறாள். ஆனால் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதானே? பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை விவகாரத்தில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியே சொன்னாரே.

———

கோபி வக்கீல்
திங்கள், மதியம் 1.05

உண்மை. அது மன்னிக்க முடியாதது. 2019 மார்ச்சில் அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும் வரை சிறை விதித்தது. அந்தப் பெண்கள் அத்தனைக்கும் பிறகு உறுதியாக நின்று சாட்சி சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

குழந்தை வழக்கில் பாதுகாப்பு இன்னும் கூடுதல். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும், முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் எடுக்க வேண்டும், யூனிஃபார்மில் வரக்கூடாது. ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர், படம், பள்ளி, தெரு எதையும் பத்திரிகையில் போடக்கூடாது. இது நடைமுறையில் அப்படியே நடக்கிறதா என்றால் ஸ்டேஷனைப் பொறுத்தது. வக்கீலோ தெரிந்த ஒருவரோ கூடப் போனால் பெரும்பாலும் நடக்கும்.

———

கொல்லிமலைக் காற்று (நாமக்கல்)
திங்கள், மதியம் 2.40

மில்லும் தறியும் மட்டும் பேசினால் எப்படி? 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் பச்சைக்குழந்தை விற்பனை ஆடியோ வெளியானதே. ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை என்று ஓய்வுபெற்ற நர்ஸ் பேசியது. சி.பி.சி.ஐ.டி. வரை போனது. மலைக் கிராமத்து ஏழைத் தாய்மாரிடம் இருந்து குழந்தைகள் போனதாக விசாரணை நடந்தது.

வாங்கியவர்களில் பலர் குழந்தை இல்லாத சாதாரணக் குடும்பங்கள். 'நல்லாத்தானே வளர்க்கப் போகிறோம்' என்று நினைத்திருப்பார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை. ஆஸ்பத்திரி ஆட்கள் சம்பந்தப்பட்டால் குறைந்தது 3, அதிகபட்சம் 7.

வளர்க்க முடியாத தாய், அரசு அமைத்த குழந்தைகள் நலக்குழு முன் குழந்தையை ஒப்படைக்கலாம், மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் ஆரம்பித்ததே நம்ம பக்கத்துச் சேலத்தில்தான். இதெல்லாம் இருக்கிறது என்று அந்த மலைத் தாய்க்கு யார் சொன்னார்கள்? நர்ஸ்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

———

சென்னிமலைத் தறி
திங்கள், மாலை 6.30

காளை அண்ணன் முதலில் எழுதிய 'முன்பின் தெரியாதவர்கள்' பற்றி ஒன்று. ஆலப்புழா – தன்பாத் எக்ஸ்பிரஸ் வருகிற நேரம் திருப்பூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். இறங்குகிற கூட்டத்தில் மீசை முளைக்காத பையன்கள் இருப்பார்கள், ஒரு காண்ட்ராக்டர் பின்னால் வரிசையாக. கையில் ஆதார் இருக்கும், அதில் வயது சரியாக 18 ஆகியிருக்கும். நூல்கண்டு அக்காவின் சான்றிதழ் மாதிரியேதான். தெற்கிலிருந்து பெண்கள் வருவது குறைந்ததும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் என்று புரோக்கர் ஏரியாவை மாற்றிக்கொண்டான்.

பனியன் கம்பெனியில் கைமடிக்கு (தையலுக்கு எடுபிடியாக) நிற்கிற அந்தப் பிள்ளைக்கு மொழி தெரியாது, ஊருக்குத் திரும்ப டிக்கெட் காசு இல்லை, அடித்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. நாம் அவர்களைப் பார்த்து 'பிள்ளை பிடிக்க வந்தவன்' என்கிறோம். பிடிபட்ட பிள்ளையே அவன்தான்.

———

காங்கேயம்காளை
திங்கள், மாலை 7.00

சரி, அந்தப் பையன்கள் விஷயம் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஊருக்குள் வருகிற ஆளுக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. காண்ட்ராக்டரிடம் இருந்தே ஆரம்பிக்கலாம்.

———

சோளக்காடு
திங்கள், இரவு 9.45

முதல் தடவை எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு மாதமாக ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். 12 வயதுக்கு மேல் இருக்காது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், பள்ளிக்குப் போவதில்லை. கேட்டால் 'தூரத்துச் சொந்தம், அம்மா இல்லாத பிள்ளை, பாவம் என்று வைத்திருக்கிறோம்' என்கிறார்கள். சாப்பாடு போடுகிறார்கள், அடிப்பதைப் பார்த்ததில்லை. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது 'அக்கா, உங்க போன்ல எங்க ஊருக்குப் பேசலாமா' என்று கேட்டாள். கீழிருந்து கூப்பிட்டதும் ஓடிவிட்டாள்.

நான் தப்பாக நினைத்து ஒரு குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவேனோ என்றும் இருக்கிறது. போன் பண்ணினால் என் பெயர் வருமா?

———

தாராபுரம் டீச்சர்
திங்கள், இரவு 9.58

குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள் அம்மிணி. 24 மணி நேரமும் இருக்கும், காசு கிடையாது. உங்கள் பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: தோராய வயது, எத்தனை நாளாக, பள்ளிக்குப் போகவில்லை, போன் கேட்டாள்.

அந்த வீட்டாரிடம் போய்க் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் மறுநாள் அந்தப் பிள்ளை அங்கே இருக்காது. பிள்ளையையும் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். படம் எடுத்துக் குழுவில் போடவே போடாதீர்கள்.

———

கோபி வக்கீல்
திங்கள், இரவு 10.20

14 வயதுக்குக் கீழ் வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே தடை. 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. சொந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசை என்ற விலக்கு பள்ளி நேரம் போக மீதிக்குத்தான், அதுவும் படிப்பு கெடாமல். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு அது பொருந்தாது.

மீட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் கொண்டுபோக வேண்டும். சொந்தம் உண்மையா, யார் கூட்டிவந்தது, காசு கைமாறியதா என்பதெல்லாம் அங்கே விசாரிப்பார்கள்.

———

நூல்கண்டு
செவ்வாய், காலை 7.15

கூப்பிடுங்கள். ஆனால் ஒன்று சொல்லட்டுமா. மீட்டவுடன் 'பெற்றோரிடம் ஒப்படைத்தோம்' என்று போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஹாஸ்டலில் அப்படி ஊருக்கு அனுப்பப்பட்ட ஒருத்தி அடுத்த வருஷம் வேறு மில்லில் இருந்தாள். அதே புரோக்கர். ஊரில் எதை விட்டு ஓடி வந்தாளோ அது அங்கேயேதான் இருந்தது.

———

கோபி வக்கீல்
செவ்வாய், காலை 8.40

இதற்குத்தான் நலக்குழு உடனே ஒப்படைக்காமல் வீட்டு நிலைமை அறிக்கை கேட்க வேண்டும். வீடு சரியில்லை என்றால் இல்லத்திலோ உறவினரிடமோ வைக்கலாம். அவசரப்படுத்துகிற ஆட்கள் எல்லாப் பக்கமும் உண்டு, பெற்றோர் சார்பில் வருகிற என் மாதிரி வக்கீல்கள் உட்பட. கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்று கேட்டு வாங்குங்கள். 2016ஆம் வருஷத் திட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் மாதிரிக் கொடிய வழக்கில் 3 லட்சம் மறுவாழ்வுத் தொகை உண்டு. சான்று இல்லாமல் ஊருக்குப் போனால் புரோக்கர் மறுபடி முன்பணத்தோடு வாசலில் நிற்பான், வாங்காமல் இருக்கக் குடும்பத்திடம் எதுவும் இருக்காது.

———

நெறியாளர்
செவ்வாய், காலை 10.00

சோளக்காடு என்ற பெயரில் எழுதுபவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருவர் யூகித்துத் தெருப் பெயரோடு போட்டிருந்தார். நீக்கிவிட்டோம். ஒரு மில்லின் பெயரைச் சொல்லி வந்த பதிவும் நீக்கப்பட்டது. மறுபடி செய்தால் கணக்கு முடக்கப்படும்.

———

சோளக்காடு
வியாழன், இரவு 8.30

செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டேன். நேற்று இரண்டு பேர் வந்தார்கள், கூடத் தொழிலாளர் துறை ஆள் ஒருவர், மஃப்டியில் ஒரு பெண் போலீஸ். பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். அந்த வீட்டம்மா தெருவில் நின்று 'சோறு போட்டதற்கு இதுவா கூலி' என்று அழுதார். யார் சொன்னது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, உண்மையைச் சொன்னால்.

அந்தப் பிள்ளை நாலாவது வரை படித்திருக்கிறாளாம். கையில் டி.சி. எதுவும் இல்லையாம். எங்கே சேர்ப்பார்கள்?

———

தாராபுரம் டீச்சர்
வியாழன், இரவு 9.05

டி.சி. இல்லை என்று எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி அவள் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். நாலாவதில் உட்காரவைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எந்த மாவட்ட நலக்குழு என்று தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் போடுங்கள். அங்கே எனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.